சாப்பிடும் முன் ஒரு சேதி

மனிதன் எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லித் தப்பிக்கலாம், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவன் உடம்பே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் 'நிறைவு' என்ற செயலி சென்னைக்குள் நுழைந்தது. அதற்கு முன்னால், ஊரில் நல்ல ஜப்பானிய உணவகம் எது என்று தேடினால் போனில் நட்சத்திரமாகக் கொட்டும். பாதி காசுக்கு வாங்கியவை, மீதி இயந்திரம் எழுதியவை. நம்பிப் போனவன் பச்சை மீனைத் தின்றுவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் கிடப்பான்.

'நிறைவு' யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. உணவக வாசலில் காது மடலில் ஒரு சின்ன கிளிப்பை மாட்டிவிட்டது, அவ்வளவுதான். ரத்தத்தில் ஓடுகிற சந்தோஷத்தை அது அளக்கும். உள்ளே வரும்போது எவ்வளவு, சாப்பிட்டு முடிக்கும்போது எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்றம் என்று பெயர் வைத்தார்கள். எந்தக் கடையில் ஏற்றம் அதிகமோ அதுவே ஊரில் சிறந்த கடை. வாய் பொய் சொல்லும், ரத்தம் சொல்லாது என்று மெட்ரோ தூணுக்குத் தூண் விளம்பரம் வைத்தார்கள்.

நுங்கம்பாக்கத்தில் 'மினாமோ' என்ற ஜப்பானிய உணவகத்தை நடத்திவந்த வள்ளியம்மைக்கு அந்த விளம்பரம் ரொம்பப் பிடித்திருந்தது. விவாகரத்துக்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது இரண்டே இரண்டு: விசாலம் என்ற மகள், மாடியில் இருந்த இந்தக் கடை. கடையில் சமைத்தது செபஸ்தியான். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், ஜப்பானில் கோபே நகரத்து ஓட்டலில் பல வருடம் கத்தி பிடித்தவர். அயிலை மீனில் உப்புத் தடவி நெருப்பில் காட்டி அவர் எடுத்து வைத்தால் ஜப்பான்காரர்களே கண்ணை மூடிக்கொள்வார்கள். இனி உண்மை ஜெயிக்கும், கூட்டம் படியேறி வரும் என்று வள்ளியம்மை நினைத்தாள்.

வந்த பட்டியலில் மினாமோ அடியில் கிடந்தது. முதலிடத்தில் 'ஹானா பவன்' என்று ஒரு கடை. பெயரே பாதி ஜப்பான், பாதி டிபன் கடை. கிண்டியைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி இருந்தது. வள்ளியம்மை அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தாள். மிசோ சூப் பாக்கெட் பொடி. சோறு குழைந்து கூழாகக் கிடந்தது. வசாபி என்று வைத்திருந்த பச்சைக் கார விழுதைத் தின்றால் பல் தேய்த்த மாதிரி இருந்தது.

ஆனால் சுற்றி இருந்தவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. எல்லாரும் வார்டிலிருந்து வந்தவர்கள். ராப்பகலாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள், டாக்டர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். அவர்களுக்குக் குளுகுளு அறையும் சூடான ஒரு கிண்ணமும் சொர்க்கம். ஏற்றம் எகிறாமல் என்ன செய்யும்? மினாமோவுக்கு வந்தவர்களோ பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள், காதலிக்கிறவர்கள், சம்பள உயர்வு வாங்கியவர்கள். சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறவனை இன்னும் எவ்வளவுதான் சிரிக்கவைப்பது?

"ப்ராப்ளம் சாப்பாட்டுல இல்ல மேடம், வாசல்ல இருக்கு," என்றான் அபிநந்தன். அவள் புதிதாக வேலைக்கு வைத்த மானேஜர். முடியை அழகாக வாரியிருப்பான். மனசாட்சியை எங்கே வைத்தான் என்பது அவனுக்கே தெரியாது. "மேல ஏத்த முடியலன்னா கீழ இறக்கிட்டு ஏத்தணும்."

முதலில் சில்லறை வேலைகளாக ஆரம்பித்தார்கள். காத்திருக்கும் இடத்தில் ஏசியை நிறுத்தினார்கள். முன்பதிவு செய்தவனிடம் உங்கள் பெயரே இல்லையே என்று கையை விரித்தார்கள். கீழே காவலாளி ஓடிவந்து, சார் உங்க வண்டிய லாரிக்காரன் இடிச்சிட்டான் என்று சொல்லிக் கீழே ஓடவைத்துவிட்டு, பிறகு அது வேறு வண்டி என்று சிரித்தான். மினாமோ பட்டியலில் நடுவுக்கு வந்தது. வள்ளியம்மை சாமி படத்துக்கு முல்லைப்பூ வாங்கிப் போட்டாள்.

அடுத்த யோசனையை அபிநந்தன் சமையலறையில் வைத்துத்தான் சொன்னான். செபஸ்தியான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"டேபிள் புக் பண்றவங்க நம்பர் நம்மகிட்ட இருக்கு. படியேறும்போது ஒரு கால். ஒரு பொண்ணு அழுதுகிட்டே பேசும். சார், இங்க ஒரு ஆக்சிடென்ட், அடிபட்டவங்க போன்ல கடைசி நம்பர் உங்களோடதுன்னு சொல்லும். லைன் கட். ஆள் அப்படியே இடிஞ்சு உக்காருவான். நாம தண்ணி குடுக்கறோம், சூப் வைக்கிறோம். மீன் வர்ற நேரத்துல அதே பொண்ணு கூப்பிட்டு, மன்னிச்சிருங்க, ராங் நம்பர்னு சொல்லும். அப்ப வரும் பாருங்க மேடம் ஏற்றம்!"

செபஸ்தியான் கத்தியைக் கீழே வைத்தார்.

"என்னக்கா இவன் சொல்லுதான்? சாப்பிட வந்தவங்கிட்ட சாவுச் சேதி சொல்லவா?"

"சாவுன்னு சொல்லல செபஸ்தியான். அஞ்சு நிமிஷம் பயம், அப்புறம் நிம்மதி. யாருக்கு என்ன நஷ்டம்?"

"எங்க பக்கத்துல துட்டிச் சேதி சொல்ல வாரவன், வீட்டுல ஆளு சாப்பிட்டுக்கிட்டு இருந்தா வாசல்லயே நிப்பான் அக்கா. கை கழுவுற சத்தம் கேட்ட பொறவுதான் உள்ள வருவான். அதுக்கப்பறம் எத்தன நாளைக்கு அந்த வீட்டுல சோறு எறங்காதுன்னு அவனுக்குத் தெரியும். எங்கப்பா கடலோட போன அன்னைக்கு எங்க சித்தி எனக்குச் சோறு போட்டா. மொதல்ல சாப்பிடுலேன்னா. போதும் போதும்ங்கேன், போட்டுக்கிட்டே இருந்தா. மீன் துண்ட எல்லாம் எனக்கே வச்சா. ரெண்டாவது தட்டுலதான் எனக்கு வெளங்குச்சு."

"எங்க பக்கமும் அதே பழக்கம்தான், எனக்குத் தெரியாதா?" என்றாள் வள்ளியம்மை. "ஆனா அது வீடு. இது வியாபாரம்."

அழுகிற குரலுக்கு விசாலம் கிடைத்தாள். கல்லூரியில் நாடகம் போடுகிறவள். அம்மா கேட்டதும் விளையாட்டாகச் சம்மதித்தாள். ஒரு நாள் முழுக்க ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து அழுதாள், விக்கினாள், மூச்சு வாங்கினாள். நடுநடுவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற தாயிடம், "ஆத்தா, தண்ணி குடு", "ஆத்தா, போதுமா?" என்று கேட்டுக்கொண்டாள். மற்ற நேரம் அம்மா என்று கூப்பிடுகிற மகள், சோர்ந்துபோனாலும் பயந்தாலும் செட்டிநாட்டு வழக்கத்துக்குத் திரும்பி ஆத்தா என்பாள். இயந்திரம் எல்லாவற்றையும் கேட்டுக் கற்றுக்கொண்டது. அதன்பிறகு விசாலத்தின் குரல் எந்த மொழியிலும் எந்தச் சேதியையும் சொல்லும். குரலைப் பதிந்த நிறுவனம் நீட்டிய ஒப்பந்தத்தில் வள்ளியம்மை படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

மினாமோ முதலிடத்துக்கு வந்தது. இதைச் சொல்லவே எனக்குக் கசக்கிறது, ஆனால் அது உண்மை: வந்தவர்கள் கடையைக் கொண்டாடினார்கள். நடுங்கிக்கொண்டு சூப் குடித்தவர்கள், இரண்டாவது அழைப்பு வந்ததும் நூடுல்ஸ் கிண்ணத்துக்குள் கண்ணீர் விட்டுச் சிரித்தார்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொஞ்சினார்கள். இந்த மாதிரி சாப்பாட்டை வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்று வள்ளியம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளை திரும்பக் கிடைத்த ருசியை மீனின் ருசி என்று நினைத்துக்கொண்டார்கள் பாவம்.

ஹிராய் வியாழக்கிழமை தவறாமல் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற மனிதர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர், ஓய்வு பெறும் வயது. மனைவி கோபேயில் நோயாளி. அயிலை மட்டும்தான் கேட்பார். சாப்பிடும் முன் கை குவிப்பார். முடித்தபின் முள்ளைச் சீப்பு மாதிரி சுத்தமாகத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, செபஸ்தியானைப் பார்த்துத் தமிழில், "ரொம்ப நல்லா இருக்கு" என்பார். அவருக்குத் தெரிந்த முழுத் தமிழும் அதுதான் என்று கடையில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

பழகிய வாடிக்கையாளர்களை அழைப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று செபஸ்தியான் கெஞ்சியிருந்தார். ஆனால் ஹிராய்க்கு ஏற்றம் எப்போதும் குறைவு. அமைதியாக வந்து அமைதியாகப் போகிற மனிதரால் கடையின் சராசரி கெடுகிறது என்று அபிநந்தன் கணக்குக் காட்டினான். "ஒரு தடவதான?" என்றாள் வள்ளியம்மை.

அவர் படியேறும்போது அழைப்பு ஜப்பானிய மொழியில் போனது. கோபே ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாக ஓர் இளம்பெண் அவர் மனைவியின் சேதியைச் சொன்னாள். ஹிராய் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வழக்கம் தெரிந்ததால் அயிலையை அதற்குள் மேசையில் வைத்திருந்தார்கள். அவர் சமையலறை வாசலுக்குப் போய்ச் செபஸ்தியானுக்கு முதுகு வளையக் குனிந்து வணங்கி, "மன்னிக்கணும். மீன் சாப்பிட முடியல," என்றார். அவருக்கு இன்னும் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. பிறகு படியிறங்கினார். பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. செபஸ்தியான் எடுத்தார். விசாலத்தின் குரல் அழகான ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டது. தவறான எண்ணாம்.

அன்று மாலை வள்ளியம்மை அபிநந்தனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நம் ஏற்றம் எவ்வளவு விழும்?

"விழாது மேடம். சாப்பிட்டு முடிக்கலைல்ல? முடியாத சாப்பாடு கணக்குல சேராது."

அவளுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. பாரம் இறங்கியதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் ஒரு வாரம் இருந்தது.

செபஸ்தியான் தன் கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். போனது ஹானா பவனுக்கு. விசாலம் சண்டை போட்டாள். "என் குரல் ஒரு ஆளக் கொன்னுருக்கும்மா. அத அழிக்கச் சொல்லு. இப்பவே." வள்ளியம்மை அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். கொடுத்த குரலைத் திரும்ப வாங்க முடியாதாம்; அது இப்போது ஊரில் பாதிக் கடைகளுக்கு வாடகைக்குப் போய்விட்டதாம். விசாலம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிண்டிப் பக்கம் ஒரு விடுதியில் போய்ச் சேர்ந்தாள். தாயின் நம்பரைக் கூப்பிடுவதை நிறுத்தினாள். நாலு நாள் போனால் தானாக வருவாள் என்று வள்ளியம்மை எல்லாரிடமும் சொன்னாள். ராத்திரி படுத்தால் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

அதற்குள் நகரமே மாறிப்போயிருந்தது. ஜப்பான் கடை, கொரியாக் கடை, பிரியாணிக் கடை, எல்லாவற்றிலும் விசாலம் அழுதாள். முதலில் ஜனங்கள் பதறினார்கள். பிறகு சந்தேகப்பட்டார்கள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்கள். அழுகைக்குரல் கேட்டால், "எந்த ஓட்டல்லேர்ந்தும்மா?" என்பார்கள். ஒரு வீட்டில் நிஜமாகவே தகப்பன் ரயிலில் அடிபட்டுக் கிடக்க, மகன் போனில், "எனக்கு ஒரு பிளேட் சுஷி பார்சல்" என்றானாம். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. வள்ளியம்மையும் சிரித்தாள்.

யாரும் நம்பாத சேதியால் யாரையும் கீழே இறக்க முடியாது. மினாமோ சரிந்தது. நிஜமான துக்கம் எங்கே இருந்ததோ அங்கே மட்டும் ஏற்றம் நிலைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஹானா பவன் மறுபடியும் முதலிடம். இப்போது அங்கே சாப்பாடும் நன்றாக இருந்தது வேறு. 

செபஸ்தியானைத் திரும்பக் கூட்டிவராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான் என்ற நிலைமையில், வள்ளியம்மை ஒரு மதியம் ஹானா பவனில் தன் பெயரிலேயே மேசை பதிவு செய்துகொண்டு போனாள். போகிற இடத்தை அபிநந்தனிடம் மட்டும் சொன்னாள். வாசலில் ஒரு பெண் காதில் கிளிப் மாட்டினாள். அவள் உட்கார்ந்து, கிளிப் முதல் அளவை எடுப்பதற்குள் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஆத்தா..." 

வள்ளியம்மை நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். மறுகணமே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆத்தா, நான்தான். வண்டி சறுக்கிருச்சு. பஸ்சுக்கு அடியில... என் போன் உடைஞ்சுபோச்சு, இது யாரோ ஒருத்தர் போன். வலிக்குது ஆத்தா. பக்கத்துல ஏதோ பெரிய ஆஸ்பத்திரியாம், அங்க கொண்டுபோறாங்க. நீ வா. சண்டையெல்லாம் வேணாம், நீ வா ஆத்தா."

அடேயப்பா, ஆத்தா வரைக்கும் எடுத்துவிட்டார்களே என்று அவள் வியந்துபோனாள். அன்றைக்கு ஒலிப்பதிவு அறையில் தண்ணீர் கேட்டதையெல்லாம் இயந்திரம் ஒன்று விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. திருடன் வீட்டிலேயே திருட வந்திருக்கிறார்கள். போயும் போயும் தன்னிடமா?

"நடுக்கம் நல்லா வந்திருக்கும்மா," என்றாள் வள்ளியம்மை. "மூச்சு வாங்குறதுதான் கொஞ்சம் ஜாஸ்தி. உங்க முதலாளிகிட்ட சொல்லு, இந்தக் குரலப் பெத்தவளே சொன்னான்னு."

அந்தப் பக்கம் "ஆத்தா, இது நான்..." என்று ஆரம்பித்தது. அவள் அழைப்பைத் துண்டித்தாள். இரண்டாவது அழைப்பு வந்து, தன்னை அறியாமல் மனசு லேசாகி, ஹானா பவனுக்கு ஒரு புள்ளி ஏற்றம்கூடக் கூடிவிடக் கூடாது என்று போனையே அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

வெளியே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து நின்றது. அந்த வாசலில் அது எப்போதும் கேட்கிற சத்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் செபஸ்தியானைப் பார்க்க வேண்டும் என்று பரிமாறும் பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஒரு அயிலை கொண்டுவரச் சொன்னாள். சூப் வந்தது. பாக்கெட் பொடி இல்லை, செபஸ்தியான் கைப்பக்குவம். மெதுவாகக் குடித்தாள். என்ன பேசி அவரை இழுப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். இன்னொரு சூப் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மீனைச் செபஸ்தியானே எடுத்துக்கொண்டு வந்தார். ஏப்ரனைக் கழற்றியிருந்தார். சமையலறைப் போனை வைக்க மறந்து இடது கையிலேயே பிடித்திருந்தார். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகையாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

"வாங்க செபஸ்தியான். உங்க ஆளுங்க என்கிட்டயே வேலையக் காட்டுறாங்க பாத்தீங்களா?" என்றாள் சிரித்தபடி. "இப்பத்தான் போன் வந்துச்சு. விசாலம் குரல்ல. ஆத்தாங்குது!"

"நாங்க இங்க யாருக்கும் போன் பண்ணதில்லக்கா," என்றார் அவர். "எங்களுக்கு அதுக்குத் தேவையே இல்ல."

அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"யாரு போன்ல? அபியா? என் போன் ஆஃப்னு உங்களக் கூப்பிட்டானா? எதுக்கு?"

செபஸ்தியான் தட்டை அவள் முன்னால் வைத்தார். மீனின் வயிற்றுப்பக்கச் சதையை முள் இல்லாமல் பிரித்து, சோற்றுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தார். எந்த ஓட்டலிலும் சமையல்காரர் இதைச் செய்ய மாட்டார்.

"செபஸ்தியான், கேக்குறேன்ல? விசாலம் எங்க?"

"மொதல்ல சாப்பிடுங்கக்கா," என்றார்.

வள்ளியம்மை எழுந்தாள். ஓடிப்போக வேண்டிய ஆஸ்பத்திரி பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஓட வேண்டிய நேரத்தில் அவள் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிண்ணம். இப்போது ஓடியும் பயன் இருந்தால் இந்த மனிதர் அவளைச் சாப்பிடச் சொல்ல மாட்டார், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார். 

அவள் உட்கார்ந்தாள். சோற்றை எடுத்து வாயில் வைத்தாள், மீனை எடுத்து வைத்தாள். அவள் சாப்பிடுகிற வரைக்கும் செபஸ்தியான் சொல்ல மாட்டார். அவர் ஊர் வழக்கம் அது, அவள் ஊர் வழக்கமும் அதுதான். அவர் சொல்லாத வரைக்கும் விசாலம் விடுதியில் இருக்கிறாள், கோபமாக இருக்கிறாள், நாலு நாளில் வருவாள். கிண்ணத்தில் சோறு குறைந்ததும் அவர் கேட்காமலே இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். இன்னொரு மீனும் வைத்தார். அவள் தின்றாள். கண்ணீரும் மூக்குநீரும் சோற்றில் விழ விழத் தின்றாள். பக்கத்து மேசைகளில் வார்டிலிருந்து வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தங்கள் கிண்ணத்துக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

தட்டில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியபோது அவள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். செபஸ்தியான் அசையாமல் பக்கத்தில் நின்றிருந்தார்.

கிளிப்பைக் கழற்றுகிற பெண் புன்னகையோடு வந்து அவள் காதுக்குக் கையை நீட்டினாள்.

"முடிச்சிட்டீங்களா மேடம்?"

வள்ளியம்மை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றாள். "நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."